தேனில் குழைத்த பொடி

அந்தக் காட்டுக்கு ஒரே வைத்தியர் கீரி. ஓடைக்கரை மருதமரத்தின் வேர்ப்பொந்துதான் அவருடைய வைத்தியசாலை. காலையில் அவர் கண்ணைத் திறக்கும்போதே வாசலில் கூட்டம் நிற்கும். முயலுக்குக் காலில் முள். மயிலுக்குத் தொண்டைக்கட்டு. காட்டுப்பன்றிக்கு என்ன நோய் என்று அதற்கே தெரியாது. எல்லாரும் வருகிறார்களே என்று அதுவும் வந்து நிற்கும்.

பார்த்துப் பார்த்துக் கீரியாருக்கு அலுத்துவிட்டது. முன்பெல்லாம் நோயாளியை உட்காரவைத்து நாடி பிடிப்பார், சொல்வதையெல்லாம் கேட்பார். இப்போது அந்தப் பேச்செல்லாம் சுருங்கி, "இந்தா மருந்து! அடுத்து யாரு?" என்பதில் வந்து நின்றுவிட்டது.

அப்படி ஒரு நாள் மொக்கையன் கரடி வந்தான். அழுகிய பலாச்சுளையைத் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீரியார் ஒரு பொடியை இலையில் மடித்து நீட்டினார்.

"தேனில் குழைத்துச் சாப்பிடு. காலையிலும் சாயங்காலமும்."

"சரிங்க. தேன் எவ்வளவு..."

"அடுத்து யாரு?"

பின்னால் நின்ற காட்டுப்பன்றி முட்டித் தள்ளியது. மொக்கையன் வெளியே வந்துவிட்டான்.

கரடியிடம் போய்த் தேனில் குழை என்றால், அது வேறு எப்படிக் குழைக்கும்? மொக்கையன் ஒரு முழுத் தேன்கூட்டைப் பிழிந்தான். அதன்மேல் ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவினான். மருந்தாயிற்றே, வீணாக்கலாமா என்று சொட்டு மிச்சமில்லாமல் நக்கினான். சாயங்காலம் இன்னொரு கூடு.

வயிறு சும்மா இருக்குமா? பலாச்சுளை தந்த வலி போய், தேன் தந்த வலி வந்தது. மறுபடியும் மருதமரத்தடிக்கு வந்தான்.

"பொடி சாப்பிட்டாயா?" என்று கேட்டார் கீரியார்.

"ஒரு வேளைகூடத் தவறலைங்க!"

"தேன் கொஞ்சமாகத்தானே?"

மொக்கையன் தரையைப் பார்த்தான். கூடுகூடாகத் தின்றதைச் சொன்னால் வைத்தியர் தேனை நிறுத்திவிடுவாரே! வயிறு வலித்தாலும், நாக்குக்கு அந்த வைத்தியம் ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"நாலு சொட்டுதானுங்க!"

கீரியார் நம்பினார். துருவிக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. பொடியை இன்னும் காரமாக இடித்துக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த முறை மொக்கையனால் நடக்க முடியவில்லை. அவன் மனைவி பேச்சி அவனைத் தோளில் தாங்கி இழுத்து வந்தாள். கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு கிடந்தான்.

கீரியாருக்குப் பகீரென்றது. நாலு சொட்டுத் தேனைக்கூடத் தாங்காத வயிறா! இவன் என் கையிலேயே போய்விடுவானோ? பொந்தின் கடைசி மூலைக்குப் போனார். எப்போதோ அரைத்து வைத்த எட்டிக்கொட்டை விழுதை எடுத்து வந்தார்.

"வாயைத் திற!"

பேச்சி குறுக்கே கையை வைத்தாள். "இது என்ன மருந்துங்க?"

"வைத்தியம் நீ பார்க்கிறாயா, நான் பார்க்கவா?"

"நீங்கதான் பாக்கணும். ஆனா போறது என் புருசன் வயித்துக்குள்ள. என்ன ஏதுன்னு நான் கேக்கக்கூடாதா?"

வாசலில் வரிசை முணுமுணுத்தது. கீரியார் எரிந்து விழத்தான் வாயைத் திறந்தார். அதற்கும் அலுப்பாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேளம்மா. இது எட்டிக்கொட்டை. விஷம்தான். நாலு சொட்டுத் தேன்கூடச் செரிக்காத, செத்துப்போன வயிற்றை இது ஒன்றுதான் தட்டி எழுப்பும். வயிறு சாகாமல், கண்டதைத் தின்று வலிக்கிறது என்றால் இதைத் தொடவே கூடாது. கொடுத்தால் மூச்சு நின்றுவிடும்."

படுத்துக் கிடந்த மொக்கையன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

"ஐயோ! வேண்டாமுங்க! நாலு சொட்டு இல்லைங்க! கூடு! வேளைக்கு ஒரு கூடு!"

கீரியார் விழுதைக் கீழே வைத்தார்.

"பாவி! ஏன்டா மறைச்சே? நான் உன்னைக் கொன்றிருப்பேனே!"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயந்தேனுங்க."

"முதல் நாளே எவ்வளவு தேன்னு கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனுங்க," என்றான் மொக்கையன். "நீங்க அடுத்து யாருன்னீங்க."

கீரியாருக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் மொக்கையனுக்கு வெறும் ஓடைத் தண்ணீரும் பட்டினியும்தான் மருந்து. தேனடை தொங்கும் பக்கம் போகாதபடி பேச்சி காவல் இருந்தாள். இளைத்தான், ஆனால் பிழைத்துக்கொண்டான்.

மழைக்காலத்தில் அவன் காலில் ஒரு முள் தைத்தது. நொண்டிக்கொண்டே வந்தான். கீரியார் முள்ளைப் பிடுங்கிவிட்டு, "பச்சிலையைக் கசக்கித் தடவு," என்றார்.

"ஒரு இலையாங்க, ஒரு கிளையாங்க? இன்னொன்னு, உள்ளதைச் சொல்லிடறேன். வர்ற வழியில கொஞ்சம் தேனும் தின்னேன்."

வரிசை தலையில் அடித்துக்கொண்டது. "அடுத்து" என்ற சொல் கீரியாரின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, பெருமூச்சோடு ஒரே ஒரு இலையைப் பறித்து, எப்படித் தடவுவது என்று காட்டிக்கொடுத்தார்.

வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை, உள்ளதை உள்ளபடி சொல்வது அவன் கடமை. இரண்டில் எது குறைந்தாலும் மருந்தே விஷமாகிவிடும்.