கடலுக்குள் கிடக்கும் பட்டா நிலம்

நெதர்லாந்து விசா வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் பவளக்கொடி, நாகப்பட்டினத்துப் பக்கம் மீனவர் வீட்டுப் பெண். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த டச்சு அதிகாரி அன்று காலையிலேயே ஆறு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

“படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? சொத்து இருக்கிறதா?”

அவள் ஒரு பட்டாவை நீட்டினாள். அவர் சர்வே நம்பரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“இந்த இடம் கடலுக்குள் இருக்கிறதே! யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்?”

“எங்க தெருவே அதுக்குள்ளதான் சார் இருக்கு. கடல் தின்னுடுச்சு. நீங்க எந்த ஊர் சார்?”

அவர் பெருமையாக ஊர்ப்பெயரைச் சொன்னார்.

“உங்க தாத்தா காலத்துல அங்கே மீன்தானே நீந்திச்சு? கடலைத் தள்ளி நிறுத்திட்டு ஊர் கட்டினீங்க. அந்தப் படிப்புக்குத்தான் எனக்கு சீட்டு கிடைச்சிருக்கு. கத்துக்கிட்டு நான் திரும்பலைன்னா, என் நிலத்தை யார் சார் வெளியே எடுக்கிறது?”

அதிகாரி எழுந்து நின்றார். விண்ணப்பத்தில் முத்திரை குத்தி, பட்டாவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து என் முறை. என்னிடம் மூன்று வீட்டுப் பத்திரங்கள் இருந்தன. மூன்று வீடும் கெட்டித் தரையில்தான் நின்றன. எடுத்து நீட்டவே கூச்சமாக இருந்தது.