நாப்பத்தாறாவது கண்ணி

கையைப் போர்வைக்குள்ள வச்சுப் படுடி. நடுநடுவுல ‘ம்’ சொல்லணும். சொல்லலேன்னா அத்தை பாதியிலயே நிறுத்திடுவேன்.

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு குரோஷாக்காரி இருந்தா. ஞானப்பூன்னு பேரு. நுனியில கொக்கி வச்ச சின்ன ஊசி இருக்குல்ல, அதுல நூலைக் கண்ணி கண்ணியா இழுத்துப் பின்னுவா. அவளுக்கு ஒரே பொண்ணு, ரோசலி, உன் வயசுதான். மறுநாள் கோயில்ல ரோசலிக்குப் புதுநன்மை, அதான் சாமியார் கையால முதல் தடவையா அப்பம் வாங்குற விசேஷம். வெள்ளை கவுன் வந்தாச்சு, தலைக்கு வெள்ளைப் பூ வந்தாச்சு. கையில பிடிக்க வெள்ளைப் பர்ஸ் மட்டும்தான் பாக்கி. ம்?

அப்போ ஞானப்பூ என்ன பண்ணினா, பேட்டர்ன் தாளை முன்னாடி விரிச்சு வச்சுக்கிட்டு காலையிலயே உக்காந்துட்டா. வரிசைக்கு அறுபது கண்ணின்னு அதுல போட்டிருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் பர்ஸ் ஒரு பக்கமா கோணிக்கும். ரெண்டு தடவை எண்ணிக்கை தப்பி, சர்ர்ர்ருனு மொத்தத்தையும் பிரிச்சா. வந்துச்சு பாரு கோவம்! ‘இனிமே யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டேன்’னு மறுபடி ஆரம்பிச்சா.

அந்த வீட்டுக்குப் பின்னாடி தேங்கா மட்டை ஊறப் போடுற குளம் ஒண்ணு. கறுப்புத் தண்ணி. அதுக்குள்ள என்னவோ ஒண்ணு இருந்துச்சு. பேய்னும் சொல்ல முடியாது, மீன்னும் சொல்ல முடியாது. அதுக்கு ஒரே வேலைதான். யாராவது கூப்பிட்டு, பதில் வரலேன்னா, அது பதில் சொல்லும்.

உச்சி வெயில். கொல்லையில விளையாடிட்டு இருந்த ரோசலி, ‘அம்மா, பசிக்குது!’ன்னா. ஞானப்பூ காதுல நல்லாவே விழுந்துச்சு. ஆனா ‘பதினொண்ணு, பன்னெண்டு’ன்னு இன்னும் சத்தமா எண்ணினா. அப்போ குளத்துல இருந்து, ‘ம்ம்ம்...’

அப்புறம், ‘அம்மா, எங்க இருக்க?’ உள்ள ‘முப்பது, முப்பத்தொண்ணு.’ குளம் சொல்லுச்சு, ‘இங்கதான் இருக்கேன்.’ அச்சு அசல் ஞானப்பூ குரல்!

மூணாவது தடவை, ‘அங்க வரட்டாம்மா?’

‘வா.’

சளப்... சளப்...

குளம் சொன்னதுல அந்த ‘வா’ மட்டும் ஞானப்பூ காதுல விழுந்துச்சு. தன்னோட குரல்! தன் வாய் நாப்பத்தாறுன்னு எண்ணிட்டு இருக்கு, அப்போ கொல்லையில ‘வா’ன்னது யாரு? ஊசி கை நழுவி டிங்குனு விழுந்துச்சு. எண்ணிக்கையாவது மண்ணாவது, ஓடினா.

ரோசலி இடுப்பளவு கறுப்புத் தண்ணியில நிக்குறா. ‘ஏ புள்ள, கரைக்கு வா!’ன்னு ஞானப்பூ கத்தினா. ‘ஏ புள்ள, இங்க வா!’ன்னு குளமும் கத்துச்சு. கரையில ஒரு அம்மா, தண்ணிக்குள்ள ஒரு அம்மா முகம். ‘யாரு எங்கம்மா?’ன்னு குழந்தை அழுவுது. இன்னொரு அடி வச்சுட்டா. சளப்! கழுத்தளவு தண்ணி.

அப்போ ஞானப்பூ அலறினா பாரு, ‘ரோசலீ...!’

குளம் கப்சிப். அதுக்கு அந்தப் பேர் தெரியாது. எப்படித் தெரியும்? எப்பவும் ‘ஏ புள்ள’ன்னுதான் கூப்பாடு, பெத்தவ கொல்லையில ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொன்னதில்லையே!

ரோசலி கரைப் பக்கம் திரும்பிட்டா. அம்மா பாஞ்சு, முடியைப் பிடிச்சு இழுத்து, தூக்கிட்டு ஓடி, கதவைத் தடால்னு சாத்தினா. ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அப்போ வெளியில இருந்து, மெதுவா, இப்பத்தான் பேசக் கத்துக்கிட்ட மாதிரி...

‘ரோ... ச... லீ...’

ஆமா. இப்ப அதுக்கும் பேர் தெரிஞ்சுபோச்சு.

மறுநாள் ரோசலி வெறுங்கையைக் கூப்பிக்கிட்டுதான் கோயிலுக்குப் போனா. அந்தப் பர்ஸை ஞானப்பூ முடிக்கவே இல்ல. அடுப்புல பால் பொங்கினாலும் சரி, பொண்ணு கூப்பிட்ட உடனே ‘இதோ இருக்கேன்’னுடுவா.

என்னது? இப்பவும் அது கூப்பிடுமாவா? கூப்பிட்டுட்டுப் போகட்டும். நீ எத்தனை தடவை ‘அத்தை’ன்னாலும் நான் ‘என்னடி’ன்னு கேப்பேன். தூக்கத்துலயும் கேப்பேன். அது பதில் சொல்ல ஒரு கூப்பாடுகூட மிச்சம் வைக்க மாட்டேன். அவ்வளவுதான் கதை, கண்ணை மூடு.