சேற்றில் ஒட்டிய படகு

குருவை விடச் சீடருக்கு வயது அதிகம். காலமெல்லாம் கப்பலில் சுக்கான் பிடித்த சந்தியாகு, தீவுக்குத் திரும்பியதும் ஆதிரை டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்துவிட்டார். கப்பலிலிருந்து ஒலியை இறக்கிக் கடலடித் தரையை வரைவது டீச்சரின் வேலை. "பேரன் எடுத்த வயசுல படிப்பைப் பாரு!" என்று ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதே ஊர்தான் இப்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் ஊர் வடகரை. மாதம் தவறாமல் அங்கே தரை நடுங்கும். பாத்திரம் உருளும், சுவர் விரிசல் விடும். தென்கரையிலோ நடுக்கம் கண்டதாக யாருக்கும் நினைவில்லை. "போதும்டா சாமி, அங்கயே குடிபோயிருவோம்" என்று வடகரைக்காரர்கள் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். சந்தியாகுவின் மகள் ரோஸ்லின், கைக்குழந்தையோடு போய் மனைகூடப் பார்த்துவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை காலை டீச்சரிடம் போனார்.

"டீச்சர், கடல் தரை நம்ம தீவுக்கு அடியில நுழையுதுன்னீங்க. வடகரைக்கு முன்னால அந்தத் தரையில பூரா மலை. தென்கரைக்கு முன்னால வழுவழுன்னு வண்டல். மலைதானே இடிச்சு ஆட்டுது? தென்கரைக்கே போகச் சொல்லிரட்டுமா?"

"சாப்டாச்சா, அண்ணாச்சி?"

"ஆச்சு."

"அப்ப வாங்க. படகு இழுக்க ஆள் பத்தலையாம்."

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டால் அவர் ஆதிரை டீச்சரே இல்லை. சந்தியாகு முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

வடகரையில் கரை முழுக்கக் கரடுமுரடான பவளக்கல். கயிற்றை இழுக்க இழுக்கப் படகு கடக் கடக்கென்று கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும்.

"என்ன சனியன் பிடிச்ச சத்தம்! பல்லு கூசுது" என்றார். ஆனாலும் படகு மேலே வந்து சேர்ந்தது.

அடுத்து தென்கரை. அங்கே வழவழவென்று சேறு. படகு அசையவே இல்லை. சத்தமும் இல்லை. கயிறுதான் விறைத்துக்கொண்டே போனது. "இழு, இன்னும் இழு!" இன்னும் நாலு பேர் வந்து கை கொடுத்தார்கள்.

திடீரென்று சேறு விட்டது. படகு பாய்ந்து வந்தது. இழுத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்தார்கள். சந்தியாகு சேற்றில் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலுக்குச் சாண் தூரத்தில் படகு நின்றது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் வயிறு வலிக்கச் சிரித்தார். பாதியில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"டீச்சர்... அப்ப இந்தச் சத்தமில்லாத கரைதான் ஆபத்தா?"

"தரை நகம் வளர்ற வேகத்துலதான் நுழையுது. மலை இருக்கிற எடத்துல உரசி உரசி அப்பப்ப விட்டுக் கொடுக்குது. வழுவழுன்னு இருக்கிற எடத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது, விட்டா ஒரேயடியா விடும். நான் அளந்த வரைக்கும் அப்படித்தான் தெரியுது. சில மலை ஆப்பு மாதிரி இறுகிக்கிறதும் உண்டு. சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஐயோ மாதாவே! எம்புள்ளைய நானே இங்க கொண்டாந்து உக்கார வச்சிருப்பேனே!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "நாளைக்குச் சொல்லிர்றேன், வடகரைதான் பத்திரம்னு."

"இங்க பெருசா ஒரு நடுக்கம் வந்தா, சுனாமி அலை வடகரைய விட்டுருமா?"

"விடாது."

"அப்ப ரோஸ்லின் என்ன செய்வா?"

"அது ஒண்ணும் கவலையில்ல. தரை ஆடுனா புள்ளையத் தூக்கிக்கிட்டு தென்னந்தோப்பு வழியா மேட்டுக்கு ஓடிருவா. கண்ணு தெரியாத சூசையம்மாகூட அந்தப் பாதையில தடவாமப் போவாங்க, டீச்சர்!" சொல்லும்போதே அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

டீச்சரும் சிரித்தார். "நல்லது. இந்தக் கரைக்காரங்க எது வழியா ஓடுவாங்க?"

சந்தியாகு திரும்பிப் பார்த்தார். விழுந்து எழுந்தவர்கள் இன்னும் சிரித்தபடி கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீடுகளுக்குப் பின்னால் மேடு. அடியிலிருந்து உச்சிவரை முள்ளுப் புதர்.

"பாதையே காணோமே, டீச்சர்."

"இங்க யாரும் இதுவரைக்கும் ஓடுனதே இல்லையே, அண்ணாச்சி."