இடது பெடல்

"என் வீட்டு ரேஸ் சைக்கிளையே திருடியிருக்கா, உள்ளே தள்ளுங்க!" என்று போலீஸ் ஸ்டேஷனே அதிரக் கத்தினார் காண்டிராக்டர் சிங்காரவேலு.

மாடத்தியைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். விடிந்தால் அவளுக்குச் சைக்கிள் பந்தயம்; சைக்கிள் தன்னுடையது என்று காட்டக் கையில் ரசீதும் இல்லை. இன்ஸ்பெக்டர் லத்தியை எடுத்துவிட்டார்.

"இந்தச் சைக்கிள் ஐயா காலுக்கு அளவெடுத்துச் செஞ்சதுங்களா?" என்று பணிவாகக் கேட்டாள்.

"பின்னே? நூல் பிசகாது!"

"இடது பெடல்ல மட்டும் ஒரு விரக்கடைக்கு ரப்பர் ஒட்டியிருக்கே?"

"அதுவும் என் காலுக்குத்தான்டி!"

"அப்போ செருப்பைக் கழற்றிட்டு நிமிர்ந்து நில்லுங்கய்யா."

நின்றார். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன.

மாடத்தி அப்போதுதான் எழுந்து நின்றாள். அவளுடைய இடது குதிகால் தரையைத் தொடவில்லை. சரியாக ஒரு விரக்கடை இடைவெளி.

இன்ஸ்பெக்டர் அவள் உட்கார்ந்திருந்த இடத்தை லத்தியால் காட்டினார்.

"காண்டிராக்டரே, உட்காரும்."