மூன்று பெட்டிக் கட்டைகள்

கதிரேசனும் அவர் மனைவி மெய்யம்மையும் ஆசிரமத்துக்கு வந்த ஆட்டோவிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் இறங்கின. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது.

குரு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கதிரேசன் பல வருடமாக அவரிடம் தியானம் பயில்பவர்.

"என்ன இதெல்லாம்?"

"பிளாஸ்டிக் கட்டைகள் சாமி. ஒண்ணோட ஒண்ணு பொருத்தி வீடு, கப்பல்னு கட்டலாம். இங்க இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துடலாம்னு."

"இதுவரைக்கும் யாரு வச்சிருந்தது?"

கதிரேசன் தயங்கினார். "நாங்கதான். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் உட்கார்ந்து கட்டுவோம்."

"இப்ப ஏன் வேண்டாம்?"

"போன வாரம் சித்தப்பா வீட்டுல இருந்து வந்தாங்க. நாங்க கட்டி வச்சிருந்த கப்பலைப் பார்த்துட்டு, பிள்ளை இல்லாத குறைக்கு இப்படியான்னு சிரிச்சாங்க. அவங்களை விடுங்க. எனக்கே யோசனை வந்துடுச்சு. கண்ணை மூடி உட்கார்ந்தா இந்தக் கட்டைதான் நினைவுக்கு வருது. இந்த வயசுல இது என்ன பற்று?"

ஒரு பெட்டியின் மூடி லேசாகத் திறந்திருந்தது. அதை மெய்யம்மை விரலால் அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது தெரியாது" என்றார் குரு. "பிள்ளைகள் கேட்டா சொல்லணுமே. ஒண்ணு கட்டிக் காட்டுங்க."

வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு குரு பக்கத்தில் இருப்பதே மறந்துபோயிற்று.

"ஏங்க, அந்த நீளக் கட்டை."

"அது கூரைக்குல்ல?"

"கூரை அப்புறம். முதல்ல கதவு நிக்கட்டும்."

"இது எப்படிம்மா ஆரம்பிச்சது?" என்று குரு கேட்டார்.

மெய்யம்மை தலை நிமிராமலே சொன்னாள். "மூணாவது தடவையும் குழந்தை தங்கலை சாமி. அதுக்கப்புறம் வீட்டுல பேச்சே நின்னுபோச்சு. சாப்பாடு வைப்பேன், சாப்பிடுவாங்க. அவ்வளவுதான். சொந்தக்காரப் பிள்ளை ஒண்ணோட பிறந்தநாளுக்குன்னு வாங்கின பெட்டி, அந்த விழாவுக்குப் போக மனசில்லாம பீரோவிலேயே கிடந்தது. ஒரு மழைநாள்ல சும்மா பிரிச்சேன். இவங்க வந்து எதிர்ல உட்கார்ந்தாங்க. அந்தச் சிவப்பை எடுங்கன்னேன். எடுத்துக் கொடுத்தாங்க. அன்னைக்குத்தான் மறுபடி பேசினோம்."

ஒரு சன்னலைப் பொருத்திவிட்டுத் தொடர்ந்தாள். "அந்தப் பெட்டியைச் செஞ்சது யாரோ, எந்த ஊரோ. விளக்கேத்துறப்ப அவங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்குவேன்."

கதிரேசன் கை அப்படியே நின்றது. "என்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதில்லையே."

சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் எழவில்லை. ஒரு சன்னல் கோணலாக இருக்கிறதென்று கழற்றி மறுபடி பொருத்தினார்கள். குருவும் எழாமல் தூணில் சாய்ந்து காத்திருந்தார். கடைசியில் கூரை ஏறியது.

கதிரேசன் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"மனசு நிறைஞ்சிருக்கு சாமி. அதனாலதான் பயமாவும் இருக்கு. இதையெல்லாம் விட்டாத்தானே மேலே ஏற முடியும்?"

"ஏறலாம்" என்றார் குரு. "நீ மேலே போயிட்டா, இவங்க கை நீட்டுறப்ப யாரு எடுத்துக் கொடுக்குறது?"