மணிக்கம்பைக் கிடத்தியவன்

"உட்காராம ஓட எனக்குக் கத்துக்கொடுக்க முடியுமா?" என்று கொம்பையா கேட்டான்.

உலகம்மை புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஒரு தடவை உட்கார்ந்துட்டேன்."

"எங்கே?"

"மேட்டுப் பாதையில. சுமைதாங்கிக் கல்லுல."

அவள் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். அந்தக் கல்லில் உட்கார்ந்த ஆளைப் பற்றி அந்தச் சீமையில் கேள்விப்படாதவர்கள் இல்லை.

மலையடியில் ஒரு பெரிய குளம். அங்கிருந்து இரண்டு காதம் கீழே தாழையூர். இரண்டுக்கும் நடுவில் ஓட்டக்காரர்களின் சாவடி. குளத்துச் செய்தியை ஓர் ஆள் சாவடி வரை கொண்டுவருவான். அடுத்த ஆள் அதை வாங்கிக்கொண்டு ஊர் வரை ஓடுவான். கையில் ஒரு கம்பு இருக்கும், அதன் தலைப்பில் வெண்கல மணிகள் இருக்கும். மணிச்சத்தம் கேட்டால் மாட்டுவண்டிகள் ஒதுங்கி வழிவிடும்.

ஆறு மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும். பாதை மேட்டின் மேல் நேராகப் போகும். அதனால் நல்ல ஓட்டக்காரன் ஆற்று வெள்ளத்தை முந்திவிடலாம்.

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதத்தில், குளம் உடையப்போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் கொம்பையா. சாவடியில் அன்று அடுத்த ஆள் காய்ச்சலில் கிடந்தான். கொம்பையா நிற்கவில்லை. மீதி ஒரு காதத்தையும் தானே ஓடினான். கால் காதம் மிச்சமிருக்கும்போது கல்லில் உட்கார்ந்தான்.

தாழையூரில் அறுபத்திரண்டு பேர் செத்துப்போனார்கள். அதில் அவன் மனைவி வள்ளிமயிலும் ஆறு வயது மகளும் உண்டு.

உலகம்மை அதன் பிறகு சாவடிக்குத் தலைவியாக வந்தவள். கொம்பையாவைவிடப் பத்து வயது சிறியவள். வடக்குப் பாதையில் பதினோரு வருடம் ஓடியவள்.

"எவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நாழிகை."

அவன் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு புளியை எடுத்தாள்.

"நாளைக்குக் காலையில வாங்க."



மறுநாள் வந்தான்.

"கல்லு வரைக்கும் ஓடுங்க. உட்காருங்க. எழுந்து வாங்க" என்றாள்.

"நான் கேட்டது உட்காராம ஓட."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

கொம்பையா ஓடினான். கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டான்.

"உட்கார்ந்தீங்களா?"

"இல்லை."

"அப்போ நாளைக்கும் போங்க."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. மூச்சு இரைக்க வந்து நிற்பவனை முற்றத்திலேயே உட்காரச் சொல்வாள். எழுந்திருக்கச் சொல்வாள். மறுபடியும் உட்காரச் சொல்வாள். தொடை நடுங்கும் வரை விடமாட்டாள்.

"தோப்புக்கரணம் போடவா நான் வந்தேன்? நான் என்ன வாய்ப்பாடு மறந்த பிள்ளையா?" என்று ஒருநாள் கொம்பையா கேட்டுவிட்டான்.

"வாய்ப்பாடு மறந்த பிள்ளை நாலு நாள்ல கத்துக்கிடும்."

ஓட்டக்காரர்களில் இசக்கி என்று ஒருவன். நல்ல கால், நீண்ட வாய்.

"கொம்பையா அண்ணாச்சி, அந்தக் கல்லு என்ன, கடிக்குமா?" என்றான் இசக்கி.

கொம்பையா அடுத்த தோப்புக்கரணத்துக்கு உட்கார்ந்தான்.

"கடிக்கிற கல்லா இருந்தா அன்னைக்கே எழுந்து ஓடியிருப்பாரே" என்று இசக்கி தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. உலகம்மை இசக்கியை விறகு உடைக்க அனுப்பினாள். அன்று பொழுது சாயும் வரை அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு நாளும் கொம்பையா வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

"ஒரு நாழிகை."

"சரி. நாளைக்கு வாங்க."

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. கொம்பையாவின் உடம்பு இறுகிவிட்டது. சாவடியில் அவனைவிட வேகமாக ஓட இசக்கி ஒருவன்தான் இருந்தான். ஆனாலும் உலகம்மை அவன் கையில் மணிக்கம்பைக் கொடுக்கவில்லை. அவன் அந்தக் கல்லில் உட்காரவும் இல்லை.



சித்திரை மாதத்தில் ஒருநாள் அவளும் கூட ஓடிவந்தாள். அன்று கையில் மணிக்கம்பு இருந்தது.

கல் வந்தது. சாய்த்து நட்ட இரண்டு கல்லின் மேல் குறுக்கே ஒரு பலகைக் கல். பக்கத்தில் உட்கார ஒரு திண்டு. அங்கிருந்து பார்த்தால் கீழே ஆறு முழுக்கத் தெரியும். அப்போது அதில் தண்ணீர் இல்லை. மணலில் நான்கு கழுதைகள் நின்றன.

உலகம்மை கம்பைத் தரையில் ஊன்றிவிட்டுத் திண்டில் உட்கார்ந்தாள். ஓட்டக்காரர்களின் வழக்கம் அது. வழியில் உட்காருகிறவன் கம்பை ஊன்றி வைக்க வேண்டும். ஊன்றிய கம்பு நின்றால் ஆள் எழுந்து போவான் என்று அர்த்தம். கம்பைத் தரையில் கிடத்தினால் செய்தி செத்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் வருகிற எந்த ஓட்டக்காரனும் அதைத் தொடமாட்டான்.

அவள் எழுந்தாள். கம்பைப் பிடுங்கி அவனிடம் நீட்டினாள்.

"உட்காருங்க."

கொம்பையா கம்பை வாங்கினான். வெகுநேரம் நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

அவன் கை தானாகவே கம்பைத் தரையில் கிடத்தியது. மணிகள் ஒருமுறை கலகலத்து அடங்கின.

இருவரும் அந்தக் கம்பைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

கழுதை ஒன்று கத்தியது. கொம்பையா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"விடியுற வரைக்கும்."

அவனே தொடர்ந்து சொன்னான்.

"உட்கார்ந்தது மூச்சு வாங்கத்தான். கால் நாழிகை ஆகியிருக்காது. எழுந்திருக்கப் போனேன். அப்போ கீழே பார்த்தேன். செந்தண்ணி. ஒரு கூரை மிதந்து போகுது. அது மேல ஒரு கோழி நிக்குது. தண்ணி என்னை முந்திப் போயிருச்சு. இனிமே ஓடிப்போய் யாருகிட்ட என்னத்தைச் சொல்ல? கம்பைக் கிடத்திட்டேன்."

"அப்புறம்?"

"விடிஞ்ச பிறகு போனேன். ஆத்தோரத்து மருத மரத்துல அவ இருந்தா. சேலையால தன்னையும் பிள்ளையையும் கிளையோட சேர்த்துக் கட்டியிருந்தா. இறக்கினவங்க சொன்னாங்க…"

நிறுத்திவிட்டான்.

"சொல்லுங்க."

"அவ உடம்புல இன்னும் சூடு இருக்குதுன்னு."

உலகம்மை குனிந்து, கிடந்த கம்பை எடுத்தாள். அவன் பக்கத்தில் ஊன்றி வைத்தாள்.

"எழுந்திருங்க."

ஏழு மாதமாக முற்றத்தில் எழுந்து பழகியவன்தான். ஆனாலும் அன்று எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

எழுந்ததும் அவள் சொன்னாள். "கம்பை எடுத்துக்கிடுங்க. இனிமே நீங்க ஓடலாம்."



கொம்பையா ஓடினான். கல்யாண ஓலை கொண்டுபோனான். சாவுச் செய்தி கொண்டுபோனான். மழைச் செய்தி, வரிச் செய்தி எல்லாம் கொண்டுபோனான். போகும்போதெல்லாம் அந்தக் கல்லில் உட்கார்ந்தான். கம்பை ஊன்றினான். எழுந்தான்.

தாழையூரை அதே இடத்தில் திரும்பவும் கட்டியிருந்தார்கள். வயல் அங்கே இருந்தது. மனிதர்கள் வேறு எங்கே போவார்கள்?

இரண்டு வருடம் கழித்து ஐப்பசியில் ஏழு நாள் விடாத மழை பிடித்தது. எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் இசக்கி குளத்திலிருந்து ஓடிவந்து சாவடி முற்றத்தில் விழுந்தான். இடுப்பு வரை சேறு.

"கரையில ஓட்டை. ஒரு ஆள் நுழையலாம். பொழுது சாயிற வரைக்கும் தாங்காதுன்னு மடைக்காரர் சொல்றாரு."

மற்றவர்கள் எல்லாரும் வடக்குப் பாதையில் போயிருந்தார்கள். சாவடியில் இருந்த ஒரே ஆள் கொம்பையா. அன்று காலையில்தான் ஒரு காதம் ஓடிவிட்டு வந்திருந்தான். கால் இன்னும் வீங்கியிருந்தது.

உலகம்மை கம்பை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நான் உட்கார்ந்துட்டா?"

"உட்காருங்க."

"தண்ணி என்னை முந்திட்டா?"

அவள் கம்பை அவன் கையில் வைத்தாள்.

"நேரமாகுது அண்ணாச்சி."

இசக்கி தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தான்.



மேட்டுப் பாதை வழுக்கியது. பாதி வழியில் கொம்பையா ஓர் ஓடைக்குள் விழுந்தான். முழங்கால் கல்லில் மோதிக் கிழிந்தது. மணிகளுக்குள் சேறு புகுந்து சத்தம் அடைத்துப்போயிற்று. மழையில் நீட்டிக் கழுவினான். மறுபடியும் ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நொண்டலாகிவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருந்தது.

கல் வந்தது. கம்பை ஊன்றினான். உட்கார்ந்தான்.

பத்து மூச்சு எண்ணினான்.

பத்தாவது மூச்சில் கீழே பார்த்தான்.

செந்தண்ணி. கரை தெரியாத அகலத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு வைக்கோல் படப்பு அப்படியே முழுசாக மிதந்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அவனுக்கு நேராக வந்தது. அவனைக் கடந்தது. தாழையூர்ப் பக்கம் போயிற்று.

கொம்பையா அது மறையும் வரை பார்த்தான்.

கை கம்புக்குப் போயிற்று. கிடத்துவதற்கும் எடுப்பதற்கும் கை ஒரே இடத்தில்தான் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். மழை மணிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு எழுந்தான்.



கடைசிச் சரிவில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாழையூர் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. கோயில் கொடிமரத்தின் உச்சி தெரிந்தது. இரண்டு பனைகளின் தலை தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

கொம்பையா தண்ணீரின் ஓரத்தில் நின்று மணிகளை உலுக்கினான். யாரும் வரவில்லை.

"குளம் உடையப்போகுது. எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க" என்று சொன்னான். அவன் கொண்டுவந்த செய்தி அதுதான். தண்ணீரிடம் சொன்னான்.

திரும்பிப் போகலாம் என்று நினைத்தான். போகவில்லை. தண்ணீரின் ஓரமாகவே நடந்தான். நடந்துகொண்டே மணியை ஆட்டினான். ஆட்டினான், நின்று கேட்டான். ஆட்டினான், நின்று கேட்டான்.

மருத மரங்கள் பக்கம் வந்தபோது ஒரு குரல் கேட்டது. மெலிந்த குரல். பெண்ணின் குரல்.

"யாரு அது?"

கொம்பையா மரங்களை அண்ணாந்து பார்த்தான். கிளைகள் இருட்டில் கறுப்பாகத் தெரிந்தன. எந்தக் கிளை என்று தெரியவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் ஏதோ ஒரு கிளையாக இருந்திருக்கும்.

"யாருன்னு கேக்கேன்ல" என்றது குரல்.

"ஓட்டக்காரன்."

"இங்கே மூணு பேரு இருக்கோம். என் பிள்ளைங்க ரெண்டு."

கொம்பையா கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். நான்காவது அடியில் வெள்ளம் அவன் காலை வாரியது. கம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்து விழுந்தான்.

"முடியலம்மா. இழுக்குது. பரிசல் காலையிலதான் வரும்."

கொம்பையா சேற்றிலிருந்து எழுந்தான்.

"கட்டிக்கிட்டீங்களா?" என்று அவன் கேட்டான்.

"சேலையால கட்டியிருக்கேன். கை மரத்துப்போச்சு. சின்னவன் தூங்கித் தூங்கி விழுதான். எனக்கும் கண்ணைச் சொக்குது."

"தூங்கக் கூடாது. நான் மணி அடிப்பேன். ஒவ்வொரு தடவையும் மூணு பேரும் குரல் கொடுக்கணும். சின்னவன் பேரு என்ன?"

"மாசானம்."

"மாசானம், கேக்குதாலே?"

"ம்" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

கொம்பையா மணியை ஆட்டினான். மூன்று குரல்கள் வந்தன. மறுபடியும் ஆட்டினான். மூன்று குரல்கள் வந்தன.

"ஓட்டக்காரரே" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். "நீரு போயிருவீரா?"

"போகமாட்டேன்."

"எவ்வளவு நேரம் இருப்பீரு?"

கொம்பையா கம்பைத் தரையில் ஆழமாக ஊன்றினான். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"விடியுற வரைக்கும்."