இயக்குநர் எழுதிய கடிதம்

உவர் நிலத்திலும் விளையும் நெல்லை உருவாக்கியவள் விஞ்ஞானி பூங்கோதை. அபூர்வத் திறமையாளர்களுக்கான விசாவுக்கு அவள் விண்ணப்பித்தபோது, ஆய்வு நிலைய இயக்குநர் தணிகாசலத்தின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது.

அலுவலகக் கூட்டத்தில் அவர் சொன்னார்: “நெல் என்னோடது. நீ கூடமாட ஒத்தாசை பண்ணினவ. இதுல சாதனை என்ன இருக்கு?”

“சரிங்க சார். ஒத்தாசைக்கு வேற ஆள் போட்டுக்கலாம். என்னை இன்னைக்கே விடுவிச்சிடுங்க.”

தணிகாசலம் பதறினார். “அதெப்படி? நீ போயிட்டா இந்த ஆராய்ச்சியை நடத்த இங்க ஆளே இல்லையே.”

“அதையே எழுதிக் கொடுங்க சார்.”

கூட்டம் சிரித்தது. எல்லார் முன்னாலும் சொன்னதை மறுக்க முடியாமல் அவர் எழுதிக் கையெழுத்திட்டார். விசாவும் கிடைத்தது.

கிளம்பும் நாளில் பூங்கோதை விடைபெற வந்தாள்.

“இருந்துடேம்மா,” என்றார் தணிந்த குரலில்.

“கடிதத்துல எழுதினதைப் போன வருஷமே வாயால சொல்லியிருந்தா, நான் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டேன் சார்,” என்றாள்.